பாஸ்ட் டென்ஸ் வினைகள்: அட்டவணையை மூடிவிட்டு எங்கே தொடங்குவது? (கேள்வி பதில்)

மேடம், கைடில் இருக்கும் வி1 (மூல வடிவம்), வி2 (இறந்தகால வடிவம்), வி3 (பாஸ்ட் பார்ட்டிசிபிள்) அட்டவணையை ஏ-யிலிருந்து வரிசையாகப் படித்தேன். ஒப்பிக்க வருகிறது, பேச வரவில்லை. ஏன்?

‘பை’ என்று கேட்டால் ‘பாட்’ என்று சொல்ல அட்டவணை பழக்கிவிடுகிறது. பேசும்போது அந்த ‘பை’யை யாரும் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். மனதில் முதலில் எழுவது ‘வாங்கினேன்’தான். பயிற்சியும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். ஓர் அட்டையில் ‘நேற்று பால் வாங்கினேன்’ என்று எழுதுங்கள். பின்பக்கம் ‘ஐ பாட் மில்க் யெஸ்டர்டே’. தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லுங்கள். நாளுக்கு ஐந்து வினை போதும். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று அதே அட்டைகளைத் திருப்புங்கள். மூன்று நொடிக்குள் வாயில் வராத அட்டை மறுநாள் கட்டுக்கே திரும்பட்டும்.

அகரவரிசை வேண்டவே வேண்டாம். பீ, ஹாவ், டூ, சே, கோ, கெட், மேக், டேக், கம், சீ: ஆங்கிலத்தில் மிக அதிகம் புழங்கும் இந்தப் பத்துமே ‘எட்’ சேர்க்கும் ஒழுங்கில் அடங்காதவை. முதலில் இவற்றை முடியுங்கள். ‘அரைஸ்’, ‘அபைட்’ எல்லாம் காத்திருக்கட்டும்.

‘ஐ டிட்ன்ட் வென்ட்’ என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். எப்படித் திருத்துவது?

‘டிட்’ வந்துவிட்டால் இறந்தகாலத்தை அதுவே சுமக்கிறது. பின்னால் வரும் வினை வி1-ஆகத்தான் நிற்கும்: ‘டிட்ன்ட் கோ’. நம் மொழியிலும் எதிர்மறை இப்படித்தான். ‘போனேன்’ என்பவர் மறுக்கும்போது ‘போனவில்லை’ என்பதில்லை, ‘போகவில்லை’ என்கிறார். அதை நினைத்துக்கொண்டால் எதிர்மறை சீக்கிரம் சரியாகும்.

கேள்வியில்தான் தமிழ் நம்மை இழுக்கிறது. ‘போனாயா?’ என்பதில் இறந்தகாலம் வினையிலேயே இருப்பதால் ‘டிட் யூ வென்ட்?’ என்று வாய் போகிறது. ‘டிட் யூ கோ, டிட் யூ ஈட், டிட் யூ சீ’ என்று மூன்று மூன்றாகச் சொல்லிப் பழகுங்கள். விலக்கு இரண்டு. ‘வாஸ்’, ‘வேர்’ இரண்டும் ‘டிட்’டைச் சேர்த்துக்கொள்ளாது. ‘யார் போனது?’ என்று செய்தவரையே கேட்கும்போது ‘ஹூ வென்ட்?’ தான் சரி.

‘பாட்’, ‘ப்ராட்’ குழம்புகிறது. ஸ்பெல்லிங்கும் தப்பாகிறது.

‘ப்ரிங்’கில் ஆர் உண்டு, அதனால் ‘ப்ராட்’டிலும் உண்டு. ‘பை’யில் இல்லை, ‘பாட்’டிலும் இல்லை. ஸ்பெல்லிங்குக்கு வி1-ஐப் பாருங்கள். ‘கேட்ச்’, ‘டீச்’ இரண்டிலும் ஏ என்ற எழுத்து இருக்கிறது. அவற்றின் வி2-வில் ஏ-யு-ஜி-ஹெச்-டீ. பை, ப்ரிங், திங்க், ஃபைட், சீக் எதிலும் ஏ இல்லை, ஆகவே ஓ-யு-ஜி-ஹெச்-டீ.

இப்படிக் குடும்பமாக வேறு எவை சேரும்?

சிங்-சாங்-சங் போலவே ரிங், ட்ரிங்க், ஸ்விம், பிகின். ஆனால் ஸ்விங், ஸ்டிக், வின் மூன்றுக்கும் நடு வடிவம் தனியாகக் கிடையாது. வி2, வி3 இரண்டுமே ஸ்வங், ஸ்டக், வன். ப்ளோ-ப்ளூ-ப்ளோன் வழியில் க்ரோ, நோ, த்ரோ. கீப்-கெப்ட் வழியில் ஸ்லீப், ஸ்வீப், வீப்.

மாறவே மாறாத குடும்பத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள்: கட், புட், ஹிட், ஷட், லெட், ஹர்ட், காஸ்ட். ‘இட் காஸ்டட் 500 ருபீஸ்’ தவறு, ‘இட் காஸ்ட்’ என்பதே சரி. (ஒரு வேலைக்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போடும் பொருளில் மட்டும் ‘காஸ்டட்’ வரும்.) ‘ஹீ புட்’ என்பதில் எஸ் இல்லாததே இறந்தகாலத்துக்கு அடையாளம், நிகழ்காலமானால் ‘ஹீ புட்ஸ்’.

‘லை’ (படு), ‘லே’ (இடு, வை) இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

‘எதை?’ என்று கேளுங்கள். பதில் வந்தால் ‘லே’: கோழி முட்டை இட்டது, ‘லெய்ட்’. பதில் வராவிட்டால் ‘லை’: படுத்தான், ‘லே’, வி3 ‘லேன்’. பொய் சொல்லும் ‘லை’ தனி வினை, அதற்கு ‘லைட்’. படுத்ததற்கு ‘லெய்ட்’ என்று ஆங்கிலேயர்களே பேச்சில் சொல்வதுண்டு, தேர்வில் எழுதாதீர்கள்.

என் நான்கு வயது மகள் முன்பு ‘வென்ட்’ என்றாள், இப்போது ‘கோ-எட்’ என்கிறாள். மறந்துவிட்டாளா?

இல்லை அம்மா, வளர்ந்திருக்கிறாள். முன்பு கேட்டதை அப்படியே சொன்னாள். இப்போது ‘எட்’ விதியைத் தானாகக் கண்டுபிடித்து எல்லா வினைக்கும் போட்டுப் பார்க்கிறாள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் இந்தக் கட்டத்தைக் கடந்தே வருகிறார்கள். ‘தப்பு’ என்று நிறுத்தாதீர்கள். ‘ஓ, யூ வென்ட் டு த பார்க்?’ என்று சரியான வடிவத்தைப் பதிலில் வைத்து, பேச்சைத் தொடருங்கள்.

‘ரீட்’ மாறுமா?

எழுத்து மாறாது, உச்சரிப்பு மாறும்: ரீட், ரெட், ரெட்.

‘கெட்’டுக்கு வி3 ‘காட்’டா, ‘காட்டன்’னா?

வி3-க்கு பிரிட்டிஷ் வழக்கு ‘காட்’, அமெரிக்க வழக்கு பெரும்பாலும் ‘காட்டன்’. நம் பள்ளிப் பாடங்களுக்கு ‘காட்’ எழுதுங்கள். வி2 இரு நாட்டிலும் ‘காட்’தான்.