பிசிஏஏ குடிக்காவிட்டால் தசை கரைந்துவிடுமா?

கேள்வி: எனக்கு 24 வயது, எடை 64 கிலோ. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. ஆறு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். கால் பயிற்சி செய்தால் இரண்டு மூன்று நாளைக்குப் படி இறங்க முடியவில்லை. பிசிஏஏ, குளுட்டமைன் என்ற அமினோ அமிலப் பவுடர்கள் இரண்டும் எடுக்காவிட்டால் தசை கரைந்துவிடும் என்கிறார் மாஸ்டர். அவரிடமே வாங்கினால் மாதம் 4,500 ரூபாய். ஒரு டப்பா பிசிஏஏ வாங்கிப் பாதி குடித்துவிட்டேன். காலையில் நாலு இட்லி, மதியம் சாதம் சாம்பார், இரவு பரோட்டா அல்லது தோசை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிக்கன். அடுத்த ஆண்டு பளுதூக்கும் போட்டிக்குப் போக ஆசை. தொடர்ந்து வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. அந்த 4,500 ரூபாயைச் சாப்பாட்டில் போடுங்கள்.

முதலில் வலி. பழக்கமில்லாத எடையைத் தூக்கி மெல்ல இறக்கும்போது தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழும். அந்த வலி ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக அடங்கும். புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்கள் போதாததால் வருவதல்ல. பிசிஏஏ வலியைச் சற்றுக் குறைக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அதற்காகத் தசை கரையும் என்று பயமுறுத்துவது வியாபாரப் பேச்சு. கால் பயிற்சியை வாரம் ஒருமுறை போட்டு வதைப்பதற்குப் பதில் இரண்டாகப் பிரித்துச் செய்யுங்கள், உடம்பு பழகிக்கொள்ளும். ஆனால் வலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால், ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இப்போது பிசிஏஏ. தசை கட்ட உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டிய அமினோ அமிலங்கள் ஒன்பது. அந்த டப்பாவில் இருப்பவை மூன்று: லூசின், ஐசோலூசின், வாலின். இவற்றில் லூசின் 'கட்டத் தொடங்கு' என்று தசைக்குச் சைகை கொடுக்கும், அது உண்மைதான். ஆனால் மற்ற ஆறும் கையில் இல்லாமல் எதை வைத்துக் கட்டுவது? பருப்பே போடாத சட்டியில் பெருங்காயம் தாளித்த கதை. வாசம் வரும், சாம்பார் வராது. குளுட்டமைனை உங்கள் உடம்பே தயாரித்துக்கொள்கிறது. நன்றாகச் சாப்பிடும் இளைஞர் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை.

உங்கள் உண்மையான பிரச்சினை சாப்பாட்டில் இருக்கிறது. பளு தூக்குபவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1.6 கிராம் அளவில் புரதம் போதும். உங்களுக்கு நாளைக்குச் சுமார் 100 கிராம். நீங்கள் எழுதிய சாப்பாட்டில் 45, மிஞ்சினால் 50 கிராம் தேறும். மீதியை இப்படி நிரப்பலாம்: நாலு முட்டை, 24 கிராம். அரை லிட்டர் பால் அல்லது தயிர், 16 கிராம். இரண்டு கைப்பிடி பொட்டுக்கடலை, பத்து கிராம் போல. கணக்கு முடிந்தது. முட்டை சலித்துப்போனால் மீல்மேக்கர் இருக்கிறது, காய்ந்த எடையில் பாதி புரதம். ஒரே வேளையில் கொட்டிக்கொள்ளாமல் மூன்று நாலு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் புரத பவுடர் குடித்தே ஆக வேண்டும் என்பதெல்லாம் இல்லை.

இனி மாஸ்டர். பயிற்சி சொல்லிக்கொடுப்பவரே பவுடரும் விற்றால், அவர் சொல்வது ஆலோசனையா விற்பனையா என்று உங்களால் பிரிக்க முடியாது. பல ஜிம்களில் டப்பாவுக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு. சம்பளம் குறைவு, கமிஷனில்தான் குடும்பம் ஓடுகிறது என்பதும் எனக்குத் தெரியும். அதற்காக உங்கள் சம்பளம் கரைய வேண்டியதில்லை. பெரிய டப்பாவைப் பிரித்து ஜிப் கவரில் லூஸாகக் கொடுத்தால் தொடவே தொடாதீர்கள். அசல் என்று காட்ட டப்பாவில் ஒட்டிய, சுரண்டிப் பார்க்கும் ஹாலோகிராமையும் நம்பாதீர்கள், அதை அச்சடிக்கவும் ஆள் இருக்கிறது. பவுடரில் ஆரம்பித்து 'ஒரு கோர்ஸ் ஊசி போட்டுக்கலாம்' என்று ஸ்டீராய்டுப் பக்கம் பேச்சு போனால், அன்றே ஜிம்மை மாற்றுங்கள்.

புரத பவுடரில் இன்னொரு மோசடி உண்டு. பொதுவான பரிசோதனை புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குகிறது. அதனால் நைட்ரஜன் உள்ள, விலை மலிவான அமினோ அமிலங்களான கிளைசினையும் டாரினையும் கலந்துவிட்டால் தாளில் புரதம் கூடிவிடும். 2008இல் சீனாவில் பாலில் நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்து குழந்தைகளைக் கொன்றவர்களும் இதே ஓட்டையில்தான் புகுந்தார்கள். புரத பவுடர் வாங்கினால் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். சேர்மானப் பட்டியலில் கிளைசின், டாரின் தனியாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவுப்படி, வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதித்துக்கொள்ளலாம். பொருள் சட்டத்துக்குப் புறம்பானது என்று சோதனை காட்டினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் சோதிக்கப் போகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டுமாம்! சொன்ன பிறகு எந்தக் கடைக்காரர் போலி டப்பாவை எடுத்து நீட்டுவார்? லேபிளில் 14 இலக்க உரிம எண் இருந்துவிட்டால் உள்ளே இருப்பதற்கும் உத்தரவாதம் என்று மக்கள் நினைக்கிறார்கள். அது கம்பெனிக்குத் தந்த அனுமதி மட்டுமே, உங்கள் கையில் இருக்கும் டப்பாவைத் திறந்து பார்த்துத் தந்த சான்று அல்ல. கடை அலமாரியிலிருந்து மாதிரி எடுத்து முடிவை ஊரறியச் சொல்லும் வேலையை அரசு ஒழுங்காகச் செய்தால், நான் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் மற்ற ஜிம் பையன்களைப் போல இருக்க முடியாது. போட்டிக்குப் போகிறேன் என்கிறீர்களே, அது. அதிகாரபூர்வப் போட்டிகளில் நாடா எனப்படும் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை மாதிரி எடுக்கலாம். உடம்பில் தடைசெய்த பொருள் இருந்தால் அதற்குப் பொறுப்பு வீரர்தான். தெரியாது, மாஸ்டர் கொடுத்தார், லேபிளில் போடவில்லை, எதைச் சொன்னாலும் குற்றம் நிற்கும். பவுடரில் கலப்படம் என்று நீங்களே நிரூபித்தால் தண்டனை குறையலாம், அவ்வளவே. ஸ்டீராய்டு என்றால் நாலு வருடத் தடை வரை போகும். ஆகவே எதை வாங்கினாலும் தடைசெய்த பொருள் கலந்திருக்கிறதா என்று சோதித்துத் தரும் இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட் போன்ற வெளி ஆய்வகச் சான்று பெற்றதாக மட்டும் வாங்குங்கள். முத்திரையைப் பார்த்துத் திருப்தியாகிவிட வேண்டாம். டப்பாவின் பேட்ச் எண்ணை அவர்கள் இணையதளத்தில் தேடுங்கள், அந்த எண்ணே அங்கே இருக்க வேண்டும். பில்லையும், கொஞ்சம் பவுடரோடு டப்பாவையும் தூக்கிப் போடாமல் வையுங்கள். பெரும்பாலான பிசிஏஏ டப்பாக்களுக்கு இந்தச் சான்று கிடையாது. முட்டைக்கு இதெல்லாம் தேவையே இல்லை.

மீதியிருக்கும் அரை டப்பா? கம்பெனி சீல் உடைக்காமல், பில்லோடு கைக்கு வந்தது என்றால், போட்டிக்குப் பெயர் கொடுக்கும் எண்ணமும் இல்லை என்றால், குடித்துத் தீர்க்கலாம். நீங்கள் போட்டிக்குப் போகிறவர். அதனால் அதைக் குடிக்க வேண்டாம். நாளைக்கே மாஸ்டரிடம் பில் கேளுங்கள்.