எஞ்சின் பேரிங்: ஆயில் படலம் குறித்து வாசகர்கள் கேட்டவை

ஆயில் பிரஷர் எவ்வளவு கூடுதலோ அவ்வளவுக்கு பேரிங் உழைக்குமா?

அப்படியில்லை. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கை பேரிங்கில் உரசாமல் தூக்கி நிறுத்துவது பம்ப் அல்ல, கிராங்க்கின் சுழற்சியேதான். பளு விழும்போது ஜர்னல் (கிராங்க்கில் பேரிங்குக்குள் சுழலும் பகுதி) மையத்தை விட்டு ஒரு பக்கம் ஒதுங்கும், அங்கே இடைவெளி குறுகும். சுற்றும் வேகத்தில் ஆயிலை அந்தக் குறுகலுக்குள் இழுத்துப் போகும். வழி சுருங்கச் சுருங்க அழுத்தம் ஏறும். பம்ப் தருவது சில பார் (அழுத்த அலகு). படலத்துக்குள் எழுவது நூற்றுக்கணக்கான பார். 1883-ல் பியூசாம்ப் டவர் இங்கிலாந்தில் ரயில் அச்சுப் பேரிங்கைச் சோதித்தபோது, மேலே போட்ட துளையில் அடித்த மர அடைப்பை ஆயிலே வெளியே தள்ளிவிட்டது. அதற்கான கணக்கை 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் எழுதினார். இன்றைய பேரிங் வடிவமைப்பும் அந்தச் சமன்பாட்டில்தான் நிற்கிறது.

பக்கவாட்டில் கசியும் ஆயிலை ஈடுகட்டுவதே பம்பின் வேலை. மீட்டரில் முள் மேலே நின்றால் மட்டும் நிம்மதி அடையாதீர்கள். ஆயில் போகும் வழி அடைபட்டாலும் முள் ஏறும்.

கிளியரன்ஸ் (ஜர்னலுக்கும் பேரிங்குக்கும் உள்ள இடைவெளி) எவ்வளவு வைப்பது?

தயாரிப்பாளர் சொன்ன அளவுதான் முதலும் கடைசியும். பொதுக் கணக்கு, ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு: 50 மி.மீ.க்கு சுமார் 0.05 மி.மீ. இங்கே சிறு பிசகும் பெரிதாகும். ஆயில் ஓட்டம் இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதால், கிளியரன்ஸ் இரட்டித்தால் கசிவு எட்டு மடங்காகும், பிரஷர் விழும். இறுக்கினால் ஓட்டம் குறைந்து சூடு வெளியேறாது, ஆயில் இளகிப் படலம் மெலியும். பேரிங்கை மூடும் கேப்பின் போல்ட்டை முழு டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்கிய பிறகு, ஷெல்லின் (பேரிங்கின் அரைவட்டத் தகட்டின்) நடுப்பகுதியில் அளந்து பாருங்கள். இரு ஷெல்கள் சேரும் இடத்தருகே சுவர் வேண்டுமென்றே மெலிதாக இருக்கும். அங்கே அளந்தால் ஏமாறுவீர்கள்.

மெயின் பேரிங்கின் (கிராங்க்கை எஞ்சின் உடலில் தாங்குவது) கீழ் ஷெல்லிலும் காடி (ஆயில் ஓடும் பள்ளம்) வெட்டினால் ஆயில் கூடுதலாகப் போகுமே?

தயவுசெய்து வெட்டாதீர்கள். எரிப்பின் அடி முழுக்க விழுவது கீழ் ஷெல்லில். நடுவே காடி வந்தால் அகலமான ஒரு பேரிங், குறுகலான இரண்டாகப் பிரிந்துவிடும். அகலம் குறைந்தால் ஆயில் பக்கவாட்டில் சட்டென்று தப்பிவிடும். பளு தாங்கும் திறன் பாதி அளவைவிடக் கீழே இறங்கும். மேல் ஷெல்லில் மட்டும் காடி இருப்பது இதனால்தான்.

மூன்று அடுக்கு ஷெல்லா, அலுமினிய ஷெல்லா?

மூன்று அடுக்கில் ஸ்டீல் முதுகு, செம்புக் கலவை, மேலே மைக்ரான் கணக்கில் மென்மையான பூச்சு. தூசு அதில் புதைந்து ஜர்னலைக் கீறாமல் விடும். கடும் பளுவுக்கு இதைத்தான் எடுப்பேன். ஆனால் பூச்சு தேய்ந்தால் அந்தக் காப்பும் போயிற்று. சாதாரண ஓட்டத்துக்கு அலுமினியம் போதும், நெடுநாள் வரும். அடிக்கடி அணைந்து தானே ஸ்டார்ட் ஆகும் எஞ்சின்களில் ஒவ்வொரு தொடக்கத்திலும் படலம் இன்னும் உருவாகாத நொடி இருக்கிறது. அதற்கென்றே பாலிமர் பூச்சுள்ள ஷெல்கள் வருகின்றன.

பழைய எஞ்சினுக்கு 0W-20 (மெல்லிய ரக ஆயில்) ஊற்றலாமா?

அதற்கென வடிவமைக்கப்படாத எஞ்சினில் வேண்டாம். படலம் மெலியும்.

ஷெல்லின் விளிம்பில் நீட்டியிருக்கும் நாக்குதான் அதைச் சுழலாமல் பிடிக்கிறதா?

இல்லை, அது பொருத்தும்போது இடம் காட்டத்தான். ஷெல் அரைவட்டத்தைவிடத் துளி நீளமாக இருக்கும். கேப்பை இறுக்கும்போது அந்த மிகை அழுந்தி, முதுகு முழுக்கப் படிந்து பிடிக்கும். சூடு கடப்பதும் அந்தப் படிவால்தான். அதனால் விளிம்பு துருத்துகிறதே என்று அரத்தால் ராவக் கூடாது.