வரி ஒரு ஊருக்கு, சாக்கடை இன்னொரு ஊருக்கு

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கம் வேலைக்கு வந்து இரண்டு வருடமாகிறது. ஹோம்ஸ்டெட்டில் பழைய உருக்காலை இருந்த இடத்தில் இப்போது கடைகளும் தியேட்டரும்தான். 12 புகைபோக்கிகளை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். அந்தச் சிற்றூர் ஒரு 'பரோ', அதாவது தனக்கென ஆட்சியும் வரியும் உள்ள ஊர். 'பர்ஜெஸ்' என்ற தலைவரையும் கவுன்சிலையும் மக்களே தேர்ந்தெடுத்தார்களாம். பிறகு ஏன் அந்த ஆட்சி மக்களுக்கு உதவவில்லை? பர்ஜெஸ்கள் கம்பெனிக்கு விலைபோனார்களா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த ஊரின் வரைபடத்தைச் சில வாரமாக மேசையிலேயே விரித்து வைத்திருக்கிறேன். இந்த நேரத்தில் உங்கள் கடிதம்.

விலைபோனார்களா என்பதை விடுங்கள். ஊர் கெட்டால் உடனே ஒரு கெட்ட ஆளைத் தேடுவது சோம்பேறித்தனம். உங்களிடம் அதை எதிர்பார்க்கவில்லை. 1892-ல் கம்பெனி தொழிற்சங்கத்தாரை உள்ளே விடாமல் ஆலையை மூடிய கதவடைப்பின்போது பர்ஜெஸாக இருந்த ஜான் மெக்லக்கி அதே ஆலையில் வேலை பார்த்தவர், சங்கத்துக்காரர். என்ன ஆயிற்று? சங்கம் தோற்றது, அவர் ஊரைவிட்டே போனார்.

எல்லைக்கோட்டைப் பாருங்கள். ஆலை ஹோம்ஸ்டெட்டில் இல்லை! ஹோம்ஸ்டெட் ஆலை என்று உலகமே சொன்னது. ஆனால் அதன் பெரும்பகுதி நின்ற நிலம் 1901-ல் மன்ஹால் என்ற தனி பரோ ஆனது. பரோவுக்குப் பிழைப்பே சொத்துவரிதான். ஆலையின் வரியில் பெரும்பங்கு மன்ஹாலுக்கு. ஆலையில் 12 மணிநேரம் வெந்துவிட்டு வந்தவர்கள் பெரும்பாலும் படுத்தது ஹோம்ஸ்டெட்டில். 1910-ல் அங்கே 18,000 பேருக்கு மேல். அவர்களுக்கான தெரு, சாக்கடை, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் அவர்கள் வீடுகள்மீதே வரி. பணக்கார மன்ஹாலில் வரிவிகிதம் குறைவு, ஏழை ஹோம்ஸ்டெட்டில் அதிகம். வீடு வீடாக ஏறி இறங்கிய சமூக ஆய்வாளர் மார்கரெட் பைங்டன் 1910-லேயே இதை எழுதிவிட்டார். ஆற்றோர வார்டில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஸ்லாவியக் குடும்பங்கள் பல சேர்ந்து ஒரே முற்றத்துக் குழாயில் தண்ணீர் பிடித்ததையும் எழுதினார். அந்தக் குழாயடியில் நின்ற பெண்களுக்கு ஓட்டு இல்லை. குடியுரிமை வாங்காத கணவர்களுக்கும் இல்லை. எந்த உத்தமரைப் பர்ஜெஸ் நாற்காலியில் உட்காரவைத்தாலும் வராத வரியை அவர் எங்கிருந்து கொண்டுவருவார்?

ஆலை முதலாளி கார்னகி 1898-ல் திறந்துவைத்த நூலகத்தின் பெயரும் ஹோம்ஸ்டெட் நூலகம்தான். அது நிற்பதும் மன்ஹாலில். அந்தப் படிகளில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன், எழுந்துவர மனமில்லை. நீங்களும் ஒருநாள் கடைகளை விட்டுவிட்டு மேட்டில் ஏறிப் போய்ப் பாருங்கள், தம்பி.

நல்லவர்களைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்கிறவர்களிடம் பல வருடமாகச் சண்டை போடுகிறேன்: முதலில் எல்லைக்கோட்டை யார் போட்டது என்று கேளுங்கள்.

அந்தக் கோட்டில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. 1933 ஜூலை 31. தொழிலாளர் துறை அமைச்சர் பிரான்சிஸ் பெர்கின்ஸ் ஹோம்ஸ்டெட் வந்தார். மண்டபத்துக்குள் விடப்படாமல் வெளியே நின்றவர்களிடம் அவர் பேசப் போனபோது பர்ஜெஸ் தடுத்தார். பூங்காவில் பேசுகிறேன் என்றார் பெர்கின்ஸ். அதற்கும் சட்டம் இடம்தராது என்றார் பர்ஜெஸ். பெர்கின்ஸ் சுற்றிலும் பார்த்தார். தபால் நிலையத்தின் மேல் கொடி பறந்தது. அது மத்திய அரசின் கட்டிடம், பர்ஜெஸின் அதிகாரம் அங்கே செல்லாது. கூட்டத்தை உள்ளே அழைத்துப்போய் ஒரு நாற்காலிமேல் ஏறி நின்று பேசினார்.