துணிக்கலைஞர்கள் நவீன ஓவியத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்களா, நாட்டுப்புறக் கலையிலிருந்தா?

இப்படிக் கேட்டவர் ஓவியரும் துணிக்கலைஞருமான சோனியா டெலோனேவை உதாரணமாகச் சொல்லியிருந்ததால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன். உக்ரைனில் பிறந்து பாரிசில் குடியேறியவர். 1911-இல் மகன் பிறந்தபோது, குடியானவர் வீடுகளில் பார்த்த மாதிரி ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைத்தார். முடித்த பிறகுதான், இது உருவங்களைக் கோண வடிவத் துண்டுகளாக உடைத்து வரையும் கியூபிச ஓவியம் மாதிரி இருக்கிறதே என்று அவருக்கே தோன்றியதாம். அதே முறை அப்புறம் அவருடைய உடைகளுக்கும் அரூப ஓவியங்களுக்கும் போனது. அதாவது, துணி முதலில், கேன்வாஸ் பிறகு.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். நம் பெண்கள் எத்தனை பேர் இங்கே துணி ஃபேக்டரிகளில் மெஷின் மிதித்தவர்கள்! எங்கள் ஆயாவும் (பாட்டி) அப்படித்தான். வெட்டுத்துண்டுகளை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். கழுத்து வெட்டிய பிறைத் துண்டு, கைக்குழி வெட்டிய கோணல் துண்டு எல்லாம் இருந்த வடிவத்திலேயே போர்வையில் ஏறும். நேராக்கினால் துணி வீண். சிவப்பை அரக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால், "செத்துப் போயிடும்" என்று தையலைப் பிரித்துப் பச்சையை வைப்பார்.

இந்தக் கணக்கைத்தான் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1839-இல் நூலாக எழுதினார். அவர் பாரிசின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் தலைவர். கறுப்பு நூல் சோபிக்கவில்லை என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நிறம்தான் அதை மங்க வைத்தது. சோனியாவும் அவர் கணவர், ஓவியர் ராபர்ட் டெலோனேயும் தங்கள் ஓவியங்களுக்கு ஆதாரமாகப் பிடித்துக்கொண்டது இந்த விதியைத்தான். ஓவியர்களின் நிறக் கொள்கையே தறியடியில் பிறந்தது என்பதைப் பலர் சொல்வதில்லை.

எதிர்த்திசையும் உண்டு, மறுக்கவில்லை. ஜெர்மனியின் பவுஹவுஸ் கலைப்பள்ளியில் ஓவியர் பால் க்ளே நெசவு மாணவிகளுக்குப் பாடம் எடுத்தார். அங்கே படித்த ஆன்னி ஆல்பர்ஸ், 1965-இல் வந்த தன் நெசவு நூலைக் காணிக்கையாக்கியது என்னவோ பண்டைய பெரு நாட்டு நெசவாளர்களுக்கு.

டர்பன் இருக்கும் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்திலேயே ரோர்க்ஸ் ட்ரிஃப்ட் என்ற இடம் இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் ஸ்வீடன் தம்பதி ஒருவர் அங்கே கலைமையம் தொடங்கினார்கள். அல்லினா ந்டெபெலே போன்ற நெசவாளர்கள் அங்கிருந்து வந்தவர்கள்தான். முன்கூட்டி வரைந்துகொள்ளாமல், தறியிலேயே கதையை வளர்த்துக்கொண்டு போவது அங்கே வழக்கம். அப்படி நெய்த சித்திரத் திரைச்சீலைகளைப் பார்த்து "அப்படியே பிக்காசோ" என்று யாராவது பாராட்டினால் எனக்கு எரிச்சல்தான் வரும். பிக்காசோவே ஆப்பிரிக்க முகமூடிகளைப் பார்த்து வரைந்தவர்தானே!