‘எல்லா மெஷினிலும் லினக்ஸ் ஓடும்’ என்பதை நம்பி வாங்காதீர்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் பிள்ளைகளுக்காக நான்கு டெஸ்க்டாப் கணினிகள் வைக்க நினைக்கிறோம். மானிட்டரோடு ஒன்றுக்கு 15,000 ரூபாய்க்கு மேல் எங்களால் முடியாது. திருட்டு விண்டோஸ் வேண்டாம், முழுக்கக் கட்டற்ற மென்பொருள்தான் (யாரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம்) என்று குழுவில் முடிவாகிவிட்டது. கடைக்காரர், ‘எல்லாத்துலயும் லினக்ஸ் ஓடும் சார், எதை வேணா எடுங்க’ என்கிறார். தம்பி மகன் ராஸ்பெரி பை என்ற சின்னஞ்சிறு கணினியை வாங்கச் சொல்கிறான். படிப்பகத்தில் வைஃபை உண்டு. பழைய ஹெச்பி லேசர்ஜெட் 1020 பிரிண்டர் ஒன்றும் இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: ஐயா, கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கேட்டதற்கு அது பதில் இல்லை. லினக்ஸ் ஓடத்தான் செய்யும். ஓடுவதற்காக அது எதையெல்லாம் உள்ளே ஏற்றிக்கொள்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டு, வைஃபை சில்லு, சில பிரிண்டர்கள் எல்லாம் கணினி ஆன் ஆகும்போது தங்களுக்கென்று ஒரு சின்ன நிரலை வாங்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும். ஃபர்ம்வேர் என்பார்கள். பெரும்பாலான கம்பெனிகள் அதன் மூல நிரலை, அதாவது நாம் படித்துத் திருத்தக்கூடிய வடிவத்தை, தருவதில்லை. அப்படிப்பட்டதைத்தான் மூடிய ஃபர்ம்வேர் என்கிறேன், அது இருந்தால் ‘முழுக்கக் கட்டற்ற’ என்ற உங்கள் முடிவு நிற்காது. லினக்ஸின் பிரபல வகைகளான உபுண்டுவும் மின்ட்டும் அதைச் சத்தமில்லாமல் ஏற்றிவிடும். டெபியன் என்ற வகைகூட 2023-இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து நிறுவும் கோப்பிலேயே இவற்றைச் சேர்த்துத் தருகிறது. அதனால் கடையில் உபுண்டு போட்டு, ‘பாருங்க, எல்லாம் வேலை செய்யுது’ என்று காட்டினால், நீங்கள் கேட்ட சோதனை இன்னும் நடக்கவில்லை என்றே அர்த்தம்.

என்ன வாங்குவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அலுவலகங்களில் இருந்து கழித்துவிடப்பட்டு, சுத்தம் செய்து விற்கப்படும் பிராண்டட் டெஸ்க்டாப் வாங்குங்கள். டெல் ஆப்டிப்ளெக்ஸ் 7020 அல்லது 9020, ஹெச்பி எலைட்டெஸ்க் 800 ஜி1, லெனோவோ திங்க்சென்டர் எம்93பி, இவற்றில் எது கிடைத்தாலும் சரி. இன்டெல் 4ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 240 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டி இருந்தால் பிள்ளைகள் எழுத, படிக்க, வரைய, பைத்தான் கற்க, வீடியோ பார்க்கத் தாராளம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பொதுவாக 8ஆம் தலைமுறைக்குக் கீழே உள்ள இன்டெல் புராசசர்களை ஏற்பதில்லை. நல்ல நிலையில் உள்ள மெஷின்கள் அந்த ஒரே காரணத்துக்காகக் கழிக்கப்படுகின்றன. உங்கள் தொகைக்குள் அவை வரும்.

4ஆம் தலைமுறை என்று நான் குறிப்பிடக் காரணம் கிராபிக்ஸ். அந்தக் கால இன்டெல் புராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், மூடிய ஃபர்ம்வேர் எதுவும் கேட்காமல் முழு வேகத்தில் வேலை செய்யும். 6ஆம், 7ஆம் தலைமுறையும் பரவாயில்லை, மின்சாரம் மிச்சம் பிடிக்கும் ஒரு பகுதி மட்டும் ஏறாது. ‘கொஞ்சம் கூடப் போட்டா ரைசனே எடுக்கலாமே’ என்பார்கள். எடுக்காதீர்கள். ரைசன் ஏஎம்டி கம்பெனியின் புராசசர், ஏஎம்டி கிராபிக்ஸ் மூடிய ஃபர்ம்வேர் இல்லாமல் ஒழுங்காக எழும்பாது. என்விடியாவின் புதிய கார்டுகளும் அப்படித்தான். அந்தக் கம்பெனி கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் இருந்தால்தான் வாய் திறக்கும். ‘4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு ஃப்ரீயா போட்டுத் தர்றேன் சார்’ என்றால், அதைக் கழற்றிவிட்டு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இப்போது நான் திரும்பத் திரும்பப் பார்த்து ஆத்திரப்படும் ஒரு ஏமாற்று. ‘செகண்ட் ஹேண்ட் எதுக்கு சார், அதே காசுக்குப் புது மெஷின் தர்றேன்’ என்று பளபளக்கும் கண்ணாடிக் கேபினெட்டைக் காட்டுவார்கள். உள்ளே விளக்கு எரியும், ‘கோர் ஐ5’ என்று ஸ்டிக்கர் இருக்கும். சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கும், உங்கள் பக்கத்து டவுன் கடையிலும் கிடைக்கும். திறந்து பார்த்தால் ஹெச்61 என்ற சில்லு வைத்த மதர்போர்டு இருக்கும். அந்தச் சில்லு 2011-இல் வந்தது. பெயர் தெரியாத தொழிற்சாலைகள் இன்றும் அதைப் புதிதாக அடித்துத் தள்ளுகின்றன. அதன்மேல் எங்கோ கழற்றிய 2ஆம் அல்லது 3ஆம் தலைமுறைப் புராசசர், பெயரில்லாத எஸ்எஸ்டி, எடை இல்லாத எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி). புதியது என்றால் கேபினெட் மட்டும்தான். கட்டற்ற மென்பொருள் அதில் ஓடலாம், ஆனால் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் நிரல்) அப்டேட் வராது, கெபாசிட்டர் உப்பினால் கேட்க நாதி இல்லை, உத்தரவாதம் கடைக்காரரின் வாய்ச்சொல்தான்.

அதனால் ‘ஐ5’ என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள், முழு எண்ணைக் கேளுங்கள். ஐ5-4590 என்றால் நான்கு இலக்கத்தில் முதலில் உள்ள 4 தலைமுறையைக் காட்டுகிறது. 2400, 3470 என்றால் இரண்டும் மூன்றும். 650 போல மூன்றே இலக்கம் என்றால் முதல் தலைமுறை, தொடவே வேண்டாம்.

அப்புறம், டெல் வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். 7020, 9020 போர்டுகளுக்கு மின்சாரம் போகும் இணைப்பு 8 பின். சந்தையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் 24 பின். உள்ளூர் எஸ்எம்பிஎஸ் நேராகப் பொருந்தாது. நான்கு மெஷினுக்கும் சேர்த்து ஒரு டெல் எஸ்எம்பிஎஸ்ஸை உபரியாகக் கேட்டு வாங்கி வையுங்கள். பின்புறம் ஹெச்டிஎம்ஐ இருக்காது, விஜிஏவும் டிஸ்ப்ளேபோர்ட்டும்தான். மானிட்டரில் விஜிஏ இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

அடுத்தது வைஃபை. பணம் வீணாவது அதிகமும் இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முடிந்தால் வைஃபையே வேண்டாம். நான்கு மெஷினும் ஒரே அறையில் இருந்தால் ஒரு சின்ன நெட்வொர்க் ஸ்விட்ச், நாலு கேபிள், வேலை முடிந்தது. மேலே சொன்ன மெஷின்களில் உள்ள ஈதர்நெட்டுக்கு மூடிய ஃபர்ம்வேர் தேவையில்லை. கேபிள் இழுக்க வழியே இல்லை என்றால்தான் யூஎஸ்பி அடாப்டர் பக்கம் போக வேண்டும். அதற்கு உள்ளே இருக்க வேண்டிய சில்லு அத்தெராஸ் ஏஆர்9271. அதன் ஃபர்ம்வேரின் மூல நிரல் 2013-இல் வெளியானது. ட்ரிஸ்குவெல் போன்ற முழுக்கக் கட்டற்ற இயங்குதளங்கள் அதைத் தாங்களே தருகின்றன.

இந்தச் சில்லு இருந்த பிரபலமான அடாப்டர் டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என். இணையத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நீங்களும் தேடி ஆர்டர் போடுவீர்கள், பெட்டியிலும் அதே பெயர் இருக்கும். ஆனால் முதல் பதிப்பில் மட்டும்தான் அத்தெராஸ். இரண்டாம், மூன்றாம் பதிப்புகளில் கம்பெனி ரியல்டெக் சில்லுக்கு மாறிவிட்டது, பெயரை மாற்றவில்லை. ரியல்டெக் சில்லு மூடிய ஃபர்ம்வேர் கேட்கும். உபுண்டுவில் ஓடும், ட்ரிஸ்குவெல்லில் ஓடாது. அடாப்டரின் முதுகில் உள்ள ஸ்டிக்கரில் சீரியல் எண் பக்கத்தில் பொடி எழுத்தில் பதிப்பு எண் இருக்கும். அது 1 என்று தொடங்க வேண்டும். ‘முதல் பதிப்புதான் சார்’ என்று சொல்லி மூன்றாவதை அனுப்பும் விற்பனையாளர்கள் உண்டு, ஸ்டிக்கரையே மாற்றி ஒட்டுபவர்களும் உண்டு. ஆகவே ஸ்டிக்கரோடு நிற்காதீர்கள். அடாப்டரைச் செருகி, டெர்மினலில் யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் கட்டளையை (lsusb) கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் வரும். முதல் பதிப்பின் எண் 9271 என்று முடியும். எண் 2357 என்று தொடங்கினால் உள்ளே இருப்பது ரியல்டெக், அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முதல் பதிப்பு கிடைக்காவிட்டால் பழைய லேப்டாப்புகளில் இருந்து கழற்றிய ஏஆர்9285 கார்டு கிடைக்கும், அதை டெஸ்க்டாப்பில் மாட்ட உதவும் அடாப்டரோடு வாங்குங்கள். அதற்கு ஃபர்ம்வேரே தேவையில்லை. ஐந்நூறோ அறுநூறோ அதிகம் கேட்டாலும் கொடுக்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் வேலை செய்யும், வேகமும் இன்றைய கணக்கில் குறைவுதான். பிள்ளைகள் விக்கிப்பீடியா படிக்க அது போதும்.

தீப்பெட்டியில்கூட எத்தனை குச்சி என்று அச்சிட வேண்டும் என்கிறது சட்டம். வைஃபை அடாப்டரின் பெட்டியில் எண்ணிக்கை, விலை, தயாரித்த மாதம், புகார் செய்ய வேண்டிய முகவரி எல்லாம் இருக்கும். உள்ளே என்ன சில்லு என்ற ஒரு சொல் இருக்காது. இந்தியாவில் விற்க வேண்டுமானால் அலைவரிசை, திறன் எல்லாம் காட்டி அரசிடம் ஒப்புதல் வாங்கியாக வேண்டும். அதிகாரியிடம் காட்டத் தெரிந்தவர்களுக்கு, காசு கொடுக்கும் நம்மிடம் சில்லின் பெயரைச் சொல்ல மட்டும் மனம் வராது. மத்திய அரசு 2015-இலேயே திறந்த மூல மென்பொருள் கொள்கை என்று ஒன்றை வெளியிட்டது. தமிழ்நாட்டில் அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் 2007 வாக்கிலேயே லினக்ஸுக்கு மாறிக் காட்டியது. கேரளப் பள்ளிகளில் ஆண்டுக்கணக்காகக் கட்டற்ற மென்பொருளில்தான் பாடம் நடக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர் கடைவாசலில் நின்று பொடி எழுத்தைத் தேட வேண்டியிருக்கிறது என்றால், அது உங்கள் குறை இல்லை. பெட்டியில் ஒரு வரி அச்சிடச் சொல்ல ஒரு சுற்றறிக்கை போதும். அதைச் செய்ய யாருக்கும் அவசரம் இல்லை.

ராஸ்பெரி பை விஷயத்தில் தம்பி மகனின் ஆர்வம் நல்லது, ஆனால் உங்கள் தேவைக்கு அது ஒத்துவராது. அது பூட் ஆவதற்கே பிராட்காமின் மூடிய நிரல் வேண்டும், அதன் வைஃபைக்கும் அப்படியே.

லேசர்ஜெட் 1020-யும் கைகொடுக்காது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினியில் இருந்து மூடிய ஃபர்ம்வேரை வாங்கிக்கொண்டால்தான் அது அச்சடிக்கும். விற்றுவிட்டு, போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியை நேரடியாகப் புரிந்துகொள்ளும் பழைய அலுவலக லேசர் பிரிண்டர் ஒன்றைப் பாருங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் சொன்ன மெஷின்களில் பயாஸும், இன்டெலின் மேனேஜ்மென்ட் என்ஜினும் (புராசசரோடு சேர்ந்து பின்னணியில் தனியே ஓடும் அமைப்பு) கட்டற்றவை அல்ல. 9020-இல் பயாஸுக்குப் பதிலாக லிப்ரிபூட் என்ற கட்டற்ற மாற்றைப் போடலாம். அப்போதும் அந்த என்ஜினின் ஒரு துண்டு மிச்சம் இருக்கும். துளியும் மிச்சமில்லாமல் வேண்டும் என்றால் கிகாபைட் ஜிஏ-ஜி41எம்-இஎஸ்2எல் போன்ற, டிடிஆர்2 என்ற பழைய ரேம் காலத்துப் போர்டுக்குப் போக வேண்டும். படிப்பகத்துப் பிள்ளைகளுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இயங்குதளத்தில் இருந்து மேலே எல்லாம் கட்டற்றது என்ற இடத்தில் இப்போது நிற்கலாம்.

கடைக்குப் போகும்போது ட்ரிஸ்குவெல் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மூடிய ஃபர்ம்வேரை அது ஏற்றவே ஏற்றாது. அதனால் அதில் வேலை செய்தால் எங்கும் செய்யும். தம்பி மகன் பத்து நிமிடத்தில் தயார் செய்துவிடுவான், அவனையே கூட்டிக்கொண்டு போங்கள். டெல் மெஷினில் ஆன் செய்ததும் எஃப்2 தட்டி பயாஸுக்குள் போக முடிகிறதா என்று முதலில் பாருங்கள். பாஸ்வேர்ட் கேட்டால் அது பழைய கம்பெனி போட்ட பூட்டு. ‘அப்புறம் எடுத்துத் தர்றேன்’ என்றால் வேறு மெஷினைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே போக முடிந்தால் செக்யூர் பூட்டை (அங்கீகாரம் இல்லாத இயங்குதளத்தைத் தடுக்கும் அமைப்பை) அணைத்துவிட்டு, எஃப்12 தட்டி பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். திரை முழுதும் நிறைந்து எழுத்து கூர்மையாக இருக்க வேண்டும். பட்டையாக இழுத்தது போலத் தெரிந்தால் கிராபிக்ஸ் சரியாக ஏறவில்லை. ஒரு வீடியோவை முழுத்திரையில் ஓடவிட்டு, ஹெட்போன் செருகி ஒலி வருகிறதா என்று கேளுங்கள். கேபிளைச் செருகி ஒரு வலைப்பக்கம் திறங்கள். கடைசியாகத் தம்பி மகனை கெர்னல் பதிவில் (இயங்குதளத்தின் மையப்பகுதி எழுதிவைக்கும் குறிப்புகளில்) ‘டீபிளாப்டு’ (DEBLOBBED) என்ற சொல்லைத் தேடச் சொல்லுங்கள். ஏதாவது சாதனம் மூடிய ஃபர்ம்வேர் கேட்டு மறுக்கப்பட்டிருந்தால் அந்தச் சொல்லோடு ஒரு வரி அங்கே இருக்கும். எந்தச் சாதனம் என்பதும் அதிலேயே தெரியும்.

கடைக்காரர் பென் டிரைவ் போட விடவில்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள். விட்டால், நான்கையும் ஒரேயடியாக வாங்காமல் முதலில் ஒன்று மட்டும் வாங்குங்கள். பில்லில் மெஷினின் மாடல், புராசசரின் முழு எண், ரேம், எஸ்எஸ்டியின் பிராண்ட், சீரியல் எண், உத்தரவாத மாதங்கள் எல்லாம் எழுதி வாங்குங்கள். ‘டெஸ்க்டாப் - 1’ என்று மட்டும் போட்ட பில்லை வாங்காதீர்கள். இரண்டு வாரம் பிள்ளைகள் ஓட்டட்டும். பிறகு மற்ற மூன்றையும் அதே மாடலில் எடுங்கள். ஒன்று படுத்தால் அதன் ரேமையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் மற்றதில் மாட்டிக்கொள்ளலாம்.