வாக்கரும் நிலைப்படியும்

கேள்வி: அக்கா, கொல்லையில வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழ எலும்பு உடைஞ்சு பிளேட் வச்சு 9 நாளாச்சு. 6 வாரத்துக்கு அந்தக் காலை ஊனவே கூடாதுன்னுட்டார் டாக்டர். எங்களுது பழைய ஓட்டு வீடு, ரூமுக்கு ரூம் அரையடி நிலைப்படி, பாத்ரூம் கொல்லைக் கோடியில. வாக்கர் இருக்கு, ஆனா பயம். வீட்டுக்காரர்தான் தூக்கிட்டுப் போறாரு, அவருக்கே இடுப்பு வலி. எப்படிக்கா சமாளிக்கிறது?
- வாசகி, மன்னார்குடி

பதில்: மொதல்ல அவரைத் தூக்க வேணாம்னு சொல்லும்மா, ரெண்டு பேரும் சேந்து விழுந்தா யாரு பாக்குறது.

ஒத்தக் கால்ல அரையடி நிலைப்படி தாண்டுறதெல்லாம் இப்போதைக்கு உனக்கு வேணாம். அதுக்குப் பதிலா 6 வாரத்துக்கு வீட்டைச் சின்னதாக்கிக்க. கட்டிலைத் தூக்கி கூடத்துல போடச் சொல்லு, பக்கத்துலயே கமோடு சேர் ஒண்ணு, சர்ஜிகல் கடைங்கள்ல வாடகைக்கே குடுப்பாங்க. கூடத்துல போய் கமோடான்னு கூச்சமாத்தான் இருக்கும், எனக்கு கணுக்கால் உடைஞ்சப்போ நானும் ரெண்டு நாள் முரண்டு பிடிச்சேன், அப்புறம் ராத்திரி 2 மணிக்கு அவசரமா எந்திரிச்சு போறப்போ வாக்கரோட முன்கால் கயித்து மிதியடியில மாட்டி சுவத்தைப் புடிச்சு நின்னேன் பாரு, காலைலயே பழைய புடவையை கொடியில போட்டு மறைப்பு கட்டிட்டோம். மிதியடி, பாய், தரையில கிடக்குற சார்ஜர் ஒயரு எல்லாத்தையும் இன்னைக்கே எடுத்துரு.

வாக்கர் உயரம் பாத்தியா? கடையில குடுத்தபடியேதான் நிறைய பேரு வச்சிருக்காங்க. நேரா நின்னு கையைத் தொங்கவிட்டா கைப்பிடி மணிக்கட்டுக்கு நேரா வரணும், பிடிச்சா முழங்கை லேசா மடங்கணும். கால்ல இருக்குற பட்டனை அமுக்கி ஏத்தி இறக்கலாம், நாலு காலும் ஒரே ஓட்டையில இருக்கணும், அடியில ரப்பர் தேஞ்சிருந்தா மாத்திரு.

நடக்குறப்போ வாக்கரை கொஞ்சம் முன்னாடி வச்சு, நாலு காலும் தரையில உக்காந்ததும் வெயிட்டை கையில குடுத்து நல்ல காலால சின்ன எட்டு. வாக்கர் முன்கம்பி வரைக்கும் போயிராத, பின்னாடி சாஞ்சிரும். பிசியோகாரங்களை ஒரு தடவை வீட்டுக்கே வரச் சொல்லி பக்கத்துல நிக்க வச்சு பழகிக்க.

நடக்குறப்போ மட்டுமில்ல, உக்காந்து எந்திரிக்கிறப்பவும் விழ வாய்ப்பு இருக்கு. வாக்கரைப் பிடிச்சு இழுத்து எந்திரிச்சா அது உன் மேலயே கவுந்துரும். கை வச்ச சேரா போட்டுக்க, சேர் கையில ஊனி எந்திரிச்சு நின்னப்புறம் வாக்கரைப் பிடி. உக்காரவும் அப்படித்தான், முழங்கால் பின்பக்கம் சேர்ல படுற வரைக்கும் பின்னாடி வந்து, அப்புறம் கையை மாத்து. படுத்து எந்திரிச்சதும் கட்டில் ஓரத்துல ஒரு நிமிஷம் உக்காரு, தலை சுத்தும். நைட்டி தரையில புரண்டா மேல தச்சுக்க.

கை ரெண்டும் வாக்கர்ல இருக்கும், டம்ளர் கூட தூக்க முடியாது, எரிச்சல் எரிச்சலா வரும். முன்கம்பியில ஒரு மஞ்சப்பையைக் கட்டி போனு, மாத்திரை, மூடி போட்ட தண்ணி பாட்டிலை அதுல போட்டுக்க. ரொம்ப கனமா ரொப்பிறாத, முன்னாடி இழுக்கும்.

இன்னொண்ணு, கெண்டைக்கால் திடீர்னு வீங்கி வலிச்சா, இல்ல மூச்சு வாங்கினா நெஞ்சு வலிச்சா, காலைல பாத்துக்கலாம்னு இருக்காத, ரத்தக்கட்டியா இருக்கலாம், 108க்கு போன் பண்ணி ஆஸ்பத்திரிக்குப் போயிரு.