பிடிஓ கிளட்ச்: பிரித்தவர்கள் கேட்ட கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டிராக்டரின் பிடிஓ கிளட்ச் பற்றியவை. பிடிஓ என்றால் எஞ்சின் சுழற்சியை ரொட்டவேட்டர் மாதிரிக் கருவிகளுக்குக் கொடுக்கும் ஷாஃப்ட். எழுதும்போது என்ன வண்டி, சிங்கிள் கிளட்ச்சா டபுளா (சக்கரத்துக்கும் பிடிஓவுக்கும் தனித்தனி பிளேட்) என்பதை முதல் வரியிலேயே போடுங்கள். போன மாதமும் கேட்டுக்கொண்டேன், பலர் கண்டுகொள்ளவில்லை.

ஆரணி வாசகர்: டபுள் கிளட்ச் வண்டி. இரண்டு பிளேட்டும் புதிது. பெடலை முழுசாக மிதித்தாலும் ரொட்டவேட்டர் நிற்கவில்லை. மறுபடி பிரிக்கணுமா சார்?

அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். பெடலில் ஃப்ரீ பிளே, அதாவது கிளட்ச் விடத் தொடங்குமுன் பெடல் சும்மா இறங்கும் தூரம், எவ்வளவு என்று பாருங்கள், கடிதத்தில் அதைக் காணோம். டபுள் கிளட்ச்சில் முதல் பாதி மிதி சக்கரத்துக்கு, மீதிப் பாதிதான் பிடிஓவுக்கு. ஃப்ரீ பிளே கூடுதலாக இருந்தால் பெடல் தரையைத் தொட்டாலும் பிடிஓ பிளேட் விடுபடாது. அது சரியாக இருந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு கிளட்ச் ஹவுசிங் ஜன்னலைத் திறந்து, கவரில் உள்ள மூன்று செட் போல்ட்டிலும் இடைவெளியைப் பாருங்கள். பழைய மாஸி ஃபெர்குசன் மாதிரி வண்டிகளில் ஏறக்குறைய 2 மி.மீ. இருக்கும், உங்கள் வண்டிக்குச் சரியான அளவு மேனுவலில் இருக்கும். மூன்றும் ஒரே அளவில் இருப்பது அதைவிட முக்கியம், ஒன்று கூடி ஒன்று குறைந்தால் பிரஷர் பிளேட் சாய்ந்து, பிளேட் உரசிக்கொண்டேதான் இருக்கும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பாருங்கள், ஆக்ஸா பிளேடு வைத்து அளக்க வேண்டாம். அப்புறம், தூக்கி நிறுத்திய ரொட்டவேட்டர் தன் எடை வேகத்தில் கொஞ்சம் சுற்றி நிற்பது சகஜம், அது கிளட்ச் கோளாறு இல்லை.

லால்குடி வாசகர்: புது பிளேட்டை டீசலில் கழுவிவிட்டு மாட்டலாமா?

கூடாது. பிளேட்டில் உரசிப் பிடிக்கும் லைனிங்கில் எண்ணெய்க் கையே படக் கூடாது.

பொள்ளாச்சி வாசகர்: மெக்கானிக் டம்மி ஷாஃப்ட் (பிளேட்டை நடுவில் நிறுத்தும் மாதிரி ஷாஃப்ட்) இல்லாமல் கண்ணளவில் பிளேட்டை வைத்து மாட்டினார். கடைசியில் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தது, போல்ட்டை முறுக்கி மூடிவிட்டார். இப்போது வண்டி அதிருகிறது, கியரும் கரகரவென்று விழுகிறது.

படிக்கும்போதே வயிறு எரிகிறது. இந்த ஒரு தப்பால் கெட்டுப்போகும் புது பிளேட்டுக்குக் கணக்கே இல்லை. டபுள் கிளட்ச்சில் இரண்டு ஷாஃப்ட் ஒன்றுக்குள் ஒன்று வருகிறது: வெளியே குழல் மாதிரி இருப்பது பிடிஓவுக்கு, உள்ளே இருப்பது கியர் பாக்ஸுக்கு. உள் ஷாஃப்ட்டின் முனை மெயின் பிளேட்டைத் தாண்டிப் போய் பிளைவீல் நடுவில் இருக்கும் பைலட் பேரிங்கில் உட்கார வேண்டும், குழல் ஷாஃப்ட் பிடிஓ பிளேட்டின் பெரிய ஸ்பிளைனில் (நடுத் துளையின் பல்வரிசையில்) நுழைய வேண்டும். இத்தனையும் ஒரே நேர்கோட்டில் நிற்கணும் என்றால் கண்ணளவு போதாது. பழைய ஷாஃப்ட்டைக் கொண்டுபோனால் லேத்தில் மூன்று படி வைத்து டம்மி கடைந்து தருவார்கள், ஒரு பிளேட் விலையைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

டம்மி வைத்து, கவர் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, முழுசாக இறுகிய பிறகுதான் டம்மியை உருவ வேண்டும். பிரித்த வண்டியைச் சேர்க்கும்போது பிடிஓ லீவரைப் போட்டுவிட்டு ஒருவர் பின்னால் ஷாஃப்ட்டைக் கையால் மெல்லத் திருப்பட்டும், பல்லும் பல்லும் சந்தித்த இடத்தில் வண்டி தானாக உள்ளே வழுக்கிப் போகும். அதற்கும் வரவில்லை என்றால் கியரைப் போட்டுவிட்டுப் பின் சக்கரத்தை லேசாக அசையுங்கள். எஞ்சின், கியர் பாக்ஸ் இரண்டின் முகமும் கையால் தள்ளியே ஒட்ட வேண்டும். ஒட்டின பிறகு இறுக்கத்தான் போல்ட், இழுத்து ஒட்டவைக்க இல்லை. இடைவெளி நின்றால் ஸ்பிளைன் எங்கோ மோதி நிற்கிறது என்று அர்த்தம், அங்கே முறுக்கினால் பிளேட்டின் நடுப்பகுதியான ஹப் வளையும், நடு ஸ்பிரிங் தெறிக்கும், பைலட் பேரிங்கும் போகும். உங்கள் வண்டியை மறுபடி பிரித்தே ஆகவேண்டும். ஹப் வளைந்த பிளேட்டைத் தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரத்தநாடு வாசகர்: பிடிஓ பிளேட் மட்டும்தான் தேய்ந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதாதா?

வண்டியைப் பிரிக்கும் கூலி ஒரு தடவைதானே கொடுக்கப்போகிறீர்கள்? ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்க் பின்பக்க ஆயில் சீல் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். சீல் கசிந்தால் புது லைனிங் நனைந்து வழுக்கும். ஸ்பிளைனில் கிரீஸ் பெயருக்குத்தான், பூசிவிட்டுத் துடைத்துவிடுங்கள். லைனிங்கில் எண்ணெய்க் கை வேண்டாம்.

திருத்துறைப்பூண்டி வாசகர்: பிரித்ததும் உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியைக் கம்ப்ரஸரால் ஊதலாமா?

வேண்டவே வேண்டாம். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம், அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் திரும்ப வராது. ஈரத்துணியால் துடையுங்கள்.

கொடைக்கானல் வாசகர்: பழைய புல் வெட்டும் டிராக்டர். சுவிட்ச் போட்டால் பிடிக்கும் எலெக்ட்ரிக் பிடிஓ கிளட்ச். கழற்றி மாட்டியதிலிருந்து சூடானால் பிடிக்கவில்லை.

வயரைக் குறை சொல்லுமுன் இடைவெளியைப் பாருங்கள். அந்தக் கிளட்ச்சைச் சுற்றி மூன்று நட் இருக்கும், பக்கத்திலேயே ஃபீலர் நுழைக்கச் சின்னத் துளைகள். பெரும்பாலானவற்றுக்கு 0.3 முதல் 0.4 மி.மீ. வரை, மூன்றிலும் சமமாக. தேய்ந்து இடைவெளி கூடினால், காந்தக் கம்பிச்சுருள் சூடேறி இழுப்பு குறையும்போது பிடிக்காமல் போகும். கிளட்ச் உடம்பு சுற்றாமல் தடுக்கும் பட்டை தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், அது விலகினால் வயரைச் சுருட்டிப் பிய்த்துவிடும்.

மணப்பாறை வாசகர்: மழைக்காலத்தில் சும்மா நின்ற வண்டியில் பிளேட் பிளைவீலோடு ஒட்டிக்கொள்கிறது. தடுக்க வழி?

நிறுத்தும்போது பெடலை முழுசாக அழுத்தி ஒரு கட்டையால் முட்டுக் கொடுங்கள்.

பெயர் எழுதாத வாசகர்: மாட்டி முடித்ததும் எஞ்சினை ஓட்டி, பிடிஓ ஷாஃப்ட்டைக் கையால் பிடித்துப் பார்த்தால் கிளட்ச் விடுகிறதா என்று தெரியுமாமே?

கை வைக்காதீர்கள். பிடிஓ வேகம் 540 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 540 சுற்று) என்றால் நொடிக்கு 9 சுற்று. துண்டோ வேட்டி முனையோ மாட்டினால் கையை இழுக்கக்கூட நேரம் இருக்காது. ஷாஃப்ட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, மேலே இருக்கும் காப்புத் தகட்டை மாட்டி, தள்ளி நின்று பாருங்கள். பெடலை மிதித்திருக்க ஆள் வேண்டும், ஒருவராக இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.